உம்மாவின் முழங்கால் மகளுக்கும் வருமா?

கண்டிப் பகுதியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருக்கு வயது 39. “உம்மா பன்னிரண்டு வருடமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். ராத்தாவுக்கு 52 வயது. இரண்டு முழங்கால்களுக்கும் சத்திரசிகிச்சை தேவை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இப்போது படி இறங்கும்போது எனக்கும் வலது முழங்கால் குத்துகிறது. இது உங்கள் குடும்ப வருத்தம், மருந்து செய்தும் பலனில்லை என்கிறார் மாமி. இரத்தத்தைச் சோதித்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று இன்னொருவர் சொன்னார். அப்படி ஒரு சோதனை உண்டா? எனக்குப் பத்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள்.”

இதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டு வரும் கடிதங்கள் பல. ஆகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன். மாமி சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆபத்தானது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். முழங்காலில் தொடையென்பும் கணைக்கால் என்பும் சந்திக்கின்றன. முன்னால் சிரட்டை இருக்கிறது. இந்த என்புகளின் முனைகளை வழுவழுப்பான கசியிழையம் போர்த்தியிருக்கிறது. கசியிழையத்துக்கு இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. அதனால் அது சேதமடைந்தால் ஆறுவது மிகக் கடினம். ஆரம்பத்தில் வலியும் தெரியாது. கசியிழையம் மெலிந்து, அடியிலுள்ள என்பு தடித்து, ஓரங்களில் என்பு முளைகள் தோன்றி, உட்சவ்வு இடைக்கிடை வீங்கி, சுற்றியுள்ள தசைகளும் நலிந்துபோகும் நிலையை ஒஸ்டியோ ஆர்த்ரைடிஸ் என்கிறார்கள். தமிழில் மூட்டுத் தேய்வு.

“தேய்வு” என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. செருப்புத் தேய்வதைப்போல நடக்க நடக்க முழங்காலும் தேய்கிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. அதைக் கேட்டு நடப்பதையே விட்டுவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். மூட்டு உயிருள்ள உறுப்பு. தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ள அது எந்நேரமும் முயல்கிறது. அந்த முயற்சி சேதத்துக்கு ஈடுகொடுக்க முடியாமற் போகும்போதுதான் நோய் ஆரம்பிக்கிறது. “முழங்காலில் எண்ணெய் வற்றிவிட்டது” என்று சொல்வதும் சரியல்ல. பலருக்கு மூட்டுத் திரவம் கூடிப்போய் முழங்கால் வீங்கியே இருக்கும்.

இனி, பரம்பரைக்கு வருவோம்.

உங்கள் உம்மாவின் கைவிரல்களைப் பாருங்கள். நகத்துக்கு அருகிலுள்ள கடைசி மூட்டில் பட்டாணி அளவில் கெட்டியான முடிச்சுகள் இருக்கின்றனவா? வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில வைத்தியர் இவற்றை விவரித்து எழுதிய நூல், அவரது மரணத்துக்குப் பின் 1802 இல் வெளியானது. இன்றும் இவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. 1941 இல் அமெரிக்க வைத்தியரான ஸ்டெக்கர், இந்த முடிச்சுகள் உள்ள பெண்களின் கூடப்பிறந்த சகோதரிகளைப் பரிசோதித்தபோது, அவர்களிடம் மற்றப் பெண்களைவிட மூன்று மடங்கு அதிகமாக அதே முடிச்சுகள் இருக்கக் கண்டார். மூட்டுத் தேய்வு குடும்பங்களில் ஓடுகிறது என்பதற்கு அது ஒரு தெளிவான தடயம். இத்தகைய முடிச்சுகள் உள்ளவர்களுக்கு முழங்கால் தேய்வும் வருவதற்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஒரு குடும்பத்தில் ஓடுவதெல்லாம் இரத்தத்தில் ஓடுவதாகாது. ஒரே வீட்டார் ஒரே சட்டியில் ஆக்கியதைச் சாப்பிடுகிறார்கள். ஒரே மாதிரி உட்காருகிறார்கள். ஒரே மாதிரி வேலை செய்கிறார்கள். இதைப் பிரித்தறிய இரட்டையர்கள் உதவுகிறார்கள். ஒரு முட்டையில் இருந்து பிறந்த இரட்டையருக்குப் பரம்பரையலகுகள் அச்சொட்டாக ஒன்றே. இரு முட்டை இரட்டையருக்கோ, சாதாரணச் சகோதரிகளுக்கு இருக்கும் ஒற்றுமைதான் இருக்கும். லண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையின் ஆய்வாளர்கள் 48 முதல் 70 வயது வரையான பெண் இரட்டையர்களில், முதல் வகையில் 130 சோடிகளையும் இரண்டாம் வகையில் 120 சோடிகளையும் எடுத்து, கைகளையும் முழங்கால்களையும் எக்ஸ்ரே செய்து ஒப்பிட்டார்கள். முடிவு 1996 இல் வெளியானது. பெண்களுக்கிடையே இந்த நோயில் காணப்படும் வேறுபாட்டில் 39 முதல் 65 வீதம் வரை பரம்பரையால் விளக்கக்கூடியது என்றார்கள்.

இந்த எண்ணைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். “எனக்கு வருவதற்கு 65 வீத வாய்ப்பு” என்று இதற்கு அர்த்தமில்லை. நூறு பெண்களை வரிசையில் நிறுத்தினால் ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வராமல் இருப்பதற்கான காரணங்களில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வந்தவை என்பதே அர்த்தம். அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனியொருத்தியின் தலையெழுத்தை அதில் வாசிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. பரம்பரையே எல்லாமாக இருந்திருந்தால், ஒரு முட்டை இரட்டையரில் ஒருத்திக்கு வந்தால் மற்றவளுக்கும் தவறாமல் வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை.

சரி, அந்தப் பரம்பரையலகு எது? இதைத் தேடிய கதை சுவாரசியமானது.

முதலில், ஒரே ஓர் அலகுதான் குற்றவாளி என்று எதிர்பார்த்தார்கள். 1990 இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் அப்படியே ஒன்று அகப்பட்டது. கசியிழையத்துக்கு வலுவூட்டும் நார்ப்பொருளான இரண்டாம் வகைக் கொலாஜனை உண்டாக்கும் அலகில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தைப் பெற்ற அக்குடும்பத்தாருக்கு இளவயதிலேயே பல மூட்டுகள் கெட்டுப்போயின. பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் இத்தகைய குடும்பங்கள் உலகில் மிக அரிது. ஐம்பது வயதில் முழங்கால் நோகும் கோடிக்கணக்கான பெண்களிடம் தேடினால் அந்த மாற்றம் இல்லை.

அடுத்த பெரிய செய்தி ஜப்பானில் இருந்து வந்தது. ரிக்கன் ஆய்வு நிறுவனத்தில் ஷிரோ இகெகாவாவின் குழுவினர், ஜீ.டி.எஃப். 5 என்ற பரம்பரையலகில் ஓர் எழுத்து வேறுபாட்டைக் கண்டு 2007 இல் வெளியிட்டார்கள். இந்த அலகு நமது 20 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. கருவறையில் குழந்தையின் கைகால்கள் உருவாகும்போது, எந்த இடத்தில் மூட்டு வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேலையில் இதற்குப் பங்குண்டு. இது முற்றாகப் பழுதடைந்த எலிகளுக்குக் கால்கள் குட்டையாகி, விரல் மூட்டுகள் சரியாக அமையாமற் போவதை 1994 இலேயே கண்டிருந்தார்கள். ஜப்பானியர் கண்ட வேறுபாடு அவ்வளவு கடுமையானதல்ல. அலகின் தொடக்கப் பகுதியில் சிலருக்கு “சி” என்ற எழுத்து, சிலருக்கு “டி” என்ற எழுத்து. “டி” இருந்தால் அந்த அலகு செய்யும் புரதத்தின் உற்பத்தி சற்றுக் குறைகிறது. மூட்டின் அமைப்பிலோ, பின்னாளில் அதன் பழுதுபார்ப்பிலோ கொஞ்சம் குறைவு விழுகிறது என்று கருதப்படுகிறது. ஜப்பானியரிலும் சீனரிலும் இது முழங்கால் தேய்வோடு தொடர்புபட்டிருந்தது. பின்னர் ஐரோப்பியரிலும் தொடர்பு உறுதியானது. ஆனால் அங்கே விளைவு மிகச் சிறிது. ஒரு உதாரணத்துக்கு, “டி” இல்லாத 100 பேரில் 20 பேருக்கு நோய் வருமென்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு பிரதி உள்ள 100 பேரில் 22 பேருக்கு வரலாம். அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொல்லாத “டி” அரிதான ஒன்றல்ல. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பாதிக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒரு பிரதியையாவது சுமக்கிறார்கள். வாசிக்கும் உங்களிடமும் இருக்கலாம், உங்கள் மாமியிடமும் இருக்கலாம். கெடுதியான ஒன்று இவ்வளவு பரவலாக இருப்பது எப்படி? அமெரிக்காவின் ஹார்வார்ட், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017 இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இந்த அலகை ஒட்டியுள்ள இன்னொரு மாற்றம் என்புகளைச் சற்றுக் குட்டையாக்குகிறது. குளிர்ப் பிரதேசங்களில் வாழ்ந்த பழங்கால மக்களுக்குக் குட்டையான உடலமைப்பு நன்மையாக இருந்திருக்கலாம். உறைபனியில் இருந்து காத்திருக்கலாம், விழுந்தால் என்பு முறிவதைக் குறைத்திருக்கலாம். அந்த நன்மையோடு ஒட்டிக்கொண்டு முழங்கால் தொல்லையும் பரவிவிட்டது என்பது அவர்கள் கருத்து. இளமையில் கிடைத்த நன்மைக்கு முதுமையில் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின் கணினிகளின் உதவியோடு தேடல் பெரிதானது. 2021 இல் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, மூட்டுத் தேய்வோடு தொடர்புள்ள 100 வேறுபாடுகளை அறிவித்தார்கள். 2025 இல் ஏறத்தாழ 20 இலட்சம் பேரை ஆராய்ந்தபோது அந்த எண் 962 ஆனது. தொளாயிரத்து அறுபத்திரண்டு! ஒவ்வொன்றின் பங்கும் பெரும்பாலும் கடுகளவு. சில மூட்டின் வடிவத்தோடு தொடர்புள்ளவை, சில என்பு வளர்ச்சியோடு தொடர்புள்ளவை. எஃப்.டி.ஓ. என்ற அலகு முழங்காலில் எதுவுமே செய்வதாகத் தெரியவில்லை; அது உடல் பருமனைக் கூட்டுகிறது, பருமன் முழங்காலைக் கெடுக்கிறது.

இரத்தப் பரிசோதனை பற்றிய கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. இத்தனை கடுகுகளைப் பொறுக்கிக் கூட்டி, “உனக்கு வரும், உனக்கு வராது” என்று சொல்லக்கூடிய நம்பகமான சோதனை இன்று இல்லை. மேலும், மேற்சொன்ன ஆய்வுகளில் பங்குபற்றியோரில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நமது தெற்காசிய மக்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. யாராவது எச்சிலை எடுத்து அனுப்பினால் மூட்டு ஜாதகம் தருவதாகச் சொன்னால், அந்தப் பணத்துக்கு ஒரு சோடி நல்ல சப்பாத்து வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் இருக்கிறது என்ற குடும்பச் சரித்திரமே இன்றைக்குக் கிடைக்கும் மிக மலிவான, மிகப் பயனுள்ள பரம்பரைச் சோதனை. வைத்தியரிடம் போகும்போது அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால்தான் முழங்கால் தேய்வு வருகிறதா என்று சிலர் கேட்பதுண்டு. நாம் பேசுகிற இந்த வயதுகால நோய்க்கு அது காரணமல்ல. ஆனால் சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் அதிகம் காணப்படும் வேறோர் அரிய நோய் இருக்கிறது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிள்ளையின் விரல் மூட்டுகள் பருத்து, இடுப்பும் முழங்காலும் விறைத்து, நடை மாறும். இரத்தச் சோதனைகளில் அழற்சி எதுவும் தெரியாது. அதனால் சிறுவர் மூட்டுவாதம் என்று தவறாகக் கருதி வருடக்கணக்கில் தேவையற்ற மருந்து கொடுக்கப்படுவதுண்டு. இதற்குக் காரணமான அலகு 1999 இல் கண்டறியப்பட்டது. இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் பரம்பரையலகுச் சோதனை உண்மையில் உதவும்.

இனி மாமியின் மற்றப் பாதி. “தப்ப முடியாது” என்கிறாரே!

ஹார்வார்ட் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் பாதுகாக்கப்பட்டுவரும் 2,500 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளின் முழங்கால்களைப் பரிசோதித்து 2017 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தியவையும் இருந்தன. 1800 களிலும் 1900 களின் முற்பகுதியிலும் வாழ்ந்து இறந்த 50 வயதுக்கு மேற்பட்டோரில் 6 வீதமானோருக்கே முழங்கால் தேய்வின் அடையாளம் இருந்தது. 1900 களின் பிற்பகுதியினரில் 16 வீதம். வயதையும் பருமனையும் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு மடங்குக்குமேல் கூடியிருந்தது. மூன்று நான்கு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் பரம்பரையலகுகள் இப்படி மாறிவிட முடியாது. மாறியது வாழ்க்கை. பூட்டனாருக்கும் பேரனுக்கும் அலகுகள் ஒன்றே, முழங்கால் மட்டும் வேறு.

சீனாவின் பெய்ஜிங் நகரில் கண்டதும் இதையே சொல்கிறது. அங்குள்ள மூதாட்டிகளை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மூதாட்டிகளோடு ஒப்பிட்டு 2001 இல் எழுதினார்கள். சீனப் பெண்கள் மெலிந்தவர்கள். ஆனாலும் அவர்களுக்கே முழங்கால் தேய்வு அதிகம். இடுப்பு மூட்டுத் தேய்வோ அவர்களிடம் மிக அரிது. இளவயதில் தினமும் நீண்ட நேரம் குந்தியிருந்து வேலை செய்தவர்களுக்கு முழங்கால் தேய்வு கூடுதல் என்று 2004 இல் அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. குந்தியிருந்து மீன் வெட்டுவதும், உடுப்புத் துவைப்பதும், கீரை ஆய்வதும் நமக்குப் புதிதல்லவே. குசினியில் ஓர் உயரமான பலகையும் கதிரையும் போட்டுக்கொள்வது சோம்பேறித்தனம் என்று நினைக்கும் மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப்படுவது ஃபிரேமிங்ஹாமில் இருந்தே வந்த இன்னொரு முடிவு. அங்கே 1948 முதல் ஊர்மக்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். பத்து வருடங்களில் சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்வு வரும் வாய்ப்புப் பாதிக்குமேல் குறைந்திருந்ததை 1992 இல் அறிவித்தார்கள். ஐந்தே கிலோ! முன் சொன்ன “டி” எழுத்து கூட்டும் ஆபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்காலில் ஏறும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005 இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே, கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது உண்மை. அதனாலேயே நீங்கள் மற்றவர்களைவிட முந்திக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி இந்த நோய் பெண்களில் வேகமாகக் கூடுகிறது. உங்களுக்கு அதற்கு இன்னும் பத்து வருடமளவில் இருக்கிறது. இது பெரிய அவகாசம்.

சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டுங்கள். நாளுக்கு நான்கு தேநீரில் போகும் சீனியை எண்ணிப் பாருங்கள். வட்டிலப்பத்தை முற்றாக விடச் சொல்லும் கல்மனம் எனக்கில்லை. பெருநாளுக்குப் பெருநாள் சாப்பிடுங்கள். ரமழானில் பகலெல்லாம் நோன்பிருந்தும் மாத முடிவில் எடை கூடியிருந்தால், இஃப்தார் மேசையைத்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்தது தொடையின் முன்தசை. முழங்காலைத் தாங்கும் தூண் அதுதான். அது பலவீனமானால் மூட்டு தானாகப் பாரம் சுமக்கிறது. கதிரையில் நேராக இருந்து, ஒரு காலை முன்னே நீட்டி, தொடை இறுகும்படி பத்து வரை எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. பிறகு கையூன்றாமல் கதிரையில் இருந்து எழுந்து, மெதுவாக இருங்கள். முதலில் ஐந்து தடவை, போகப்போகப் பதினைந்து. கிழமைக்கு மூன்று நாட்கள் போதும். செய்யும்போது கொஞ்சம் நோவது பயப்படத்தக்கதல்ல. மறுநாள் முழங்கால் வீங்கினாலோ வலி கூடினாலோ அளவைக் குறையுங்கள். மற்ற நாட்களில் அரை மணி நேரம் நடவுங்கள். மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் பலனைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று நாளில் கேட்கக்கூடாது. இடையில் வலது முழங்காலை ஒரு வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். 39 வயதில் படி இறங்கும்போது வரும் குத்து எல்லாமே தேய்வல்ல. சிரட்டைக்குப் பின்னால் வரும் சாதாரண வலியாகவும் இருக்கலாம், அதற்கும் இதே பயிற்சிதான். காலையில் விறைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் மட்டும் தாமதிக்க வேண்டாம். அது வேறு நோய், வேறு மருந்து.

உம்மாவுக்கும் இது காலம் கடந்த விஷயமல்ல. பருமனான மூட்டு நோயாளிகள் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்து எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தபோது வலி நன்கு தணிந்ததை 2013 இல் அமெரிக்காவில் காட்டினார்கள். கதிரையில் தொழ நேர்ந்ததற்காக அவர் மனம் நோகத் தேவையில்லை. நின்று தொழ இயலாதவருக்கு இருந்து தொழும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. எந்த நிலையை நின்று செய்வது, எதை இருந்து செய்வது என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவுபெறட்டும். ஆனால் தொழுகைக்குக் கதிரை என்றால் நாள் முழுதும் கதிரை என்றாகிவிடக் கூடாது. வலி மாத்திரைகளைக் கடையில் சொல்லி வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் வேண்டாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம்பார்க்கும். விலை கூடிய குளுக்கோசமின் மாத்திரை பெரும்பாலானோருக்கு வெறும் மாத்திரையைவிட மேலானதாக இல்லை என்று 2006 இல் நடந்த பெரிய சோதனை ஒன்று காட்டியது. அந்தப் பணத்துக்கு மீனும் பழமும் வாங்கலாம்.

ராத்தாவின் சத்திரசிகிச்சையைப் பற்றியும் பயம் வேண்டாம். முழுமையாக மாற்றப்பட்ட 100 முழங்கால்களில் ஏறத்தாழ 82 இருபத்தைந்து வருடங்களின் பின்னும் தாக்குப்பிடித்ததாகப் பல நாட்டுப் பதிவுகளைத் தொகுத்து 2019 இல் எழுதினார்கள். அவரும் இப்போதிருந்தே தொடைப் பயிற்சியைச் செய்து, தசையை வலுவாக்கிக்கொண்டு போனால் எழுந்து நடப்பது இலகுவாகும்.

கடைசியாக, பத்து வயது மகள். அவள் ஓடட்டும், கயிறடிக்கட்டும், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் சேரட்டும். “முழங்கால் கெட்டுவிடும், ஓடாதே” என்று சொல்லி வளர்த்தால் மெலிந்த தசையும் பருத்த உடலும்தான் மிஞ்சும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இளமையில் முழங்காலின் உட்சவடும் நார்களும் கிழிந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தேய்வு வருவது மிக அதிகம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் வரும். விளையாடும்போது கால் திரும்பி, “டக்” என்று சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிக் கட்டிவிடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.